இலவசமாக வந்த அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்கள்

புதன்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழில் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு முழுப் பக்கம் உண்டு. கையில் சிவப்புப் பேனா இல்லாமல் அந்தப் பக்கத்தை நான் படிப்பதில்லை. போன புதன்கிழமை ஒரு செல்போன் கம்பெனி, வாடிக்கையாளரின் தகவல் வாடிக்கையாளருக்கே சொந்தம் என்று பெருந்தன்மையோடு அறிவித்திருந்தது. நான் கட்டியிருக்கும் புடவை எனக்கே சொந்தம் என்று துணிக்கடைக்காரர் வீடு தேடி வந்து சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஓரத்தில் ‘மிக்க நன்றி’ என்று எழுதினேன். அதற்குக் கீழே, உங்கள் ஃப்ரிட்ஜ் இனி உங்களோடு பேசும் என்று ஒரு செய்தி. எங்கள் ஃப்ரிட்ஜ் ஆறு வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. மெக்கானிக்குக்குத்தான் மொழி புரியவில்லை. மூன்றாவதாக, கடலில் மீன் எங்கே நிற்கிறது என்று மீனவருக்குச் சொல்லும் புதிய செயலி. அதற்குள் நுழைய, போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை ஒவ்வொரு முறையும் போட வேண்டுமாம். கரையிலிருந்து பதினைந்து மைல் தள்ளி, சிக்னல் என்பதே இல்லாத தண்ணீரில், அந்த ஆறு இலக்கத்தை எந்த மீன் கொண்டுவந்து கொடுக்கும் என்று செய்தியில் போடவில்லை.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. விரல் நகத்தளவு இருக்கும் ஒரு மெமரி கார்டால் என் டைரியிலிருந்து ஏழு தாள்கள் போயின. நான்கு மாதம் பதினொரு நாள் என் கணவர் என்னிடம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கிறேன். கணவர் ஃபைபர் படகில் தூண்டில் தொழில் செய்கிறார். விடியற்காலையில் திரேஸ்புரம் கரையிலிருந்து கிளம்பினால் மதியம் திரும்புவார். மாலை நான் வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்கு இருவரும் டீயோடு உட்காருவோம். அவர் சொல்வார், நான் எழுதுவேன். எத்தனை மணிக்குப் போனார், மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றா, கிழக்கேயிருந்து வரும் கொண்டலா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, எந்த இடம், என்ன இரை, என்ன மீன். கல்யாணமான இரண்டாவது மாதம் தொடங்கிய பழக்கம் இது. இருபத்தாறு டைரிகள் ஆகிவிட்டன. மகள் பிறந்த நாளன்றும் எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். எங்களுக்குள் வேறு பேச்சு அதிகம் கிடையாது. இந்த ஏழு மணிப் பேச்சுதான் எங்கள் பேச்சு.

தூண்டில்காரருக்குப் படகைவிடப் பெரிய சொத்து பார். கடலுக்கடியில் பாறையும் பவளமுமாகக் கிடக்கும் மேட்டுக்கு முத்துக்குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் அதுதான் பெயர். களவாவும் விளமீனும் அங்கேதான் நிற்கும். பெரிய பார்கள் எல்லாருக்கும் தெரியும். சின்னச் சின்னப் பார்கள் அவரவர் தேடிக் கண்டுபிடித்தவை. அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, கூடப்பிறந்தவனிடமும் சொல்வதில்லை. எங்கே மீன் பட்டது என்று கேட்டால், வடக்கே போய் வந்தவர் தாடையால் தெற்கைக் காட்டுவார். கேட்டவரும் அதை நம்பாமல் தலையாட்டிவிட்டுப் போவார். இந்தப் பொய்யை யாரும் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாரில் நிற்கும்போது தூரத்தில் ஒரு படகு தெரிந்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட வேண்டும். அதுதான் வழக்கம்.

எங்கள் பார் நங்கூரம் சிக்கிக் கிடைத்தது. ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை. எவ்வளவு இழுத்தும் நங்கூரம் வரவில்லை. கயிற்றை அறுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே சும்மா ஒரு தூண்டிலை விட்டிருக்கிறார். பதினேழு களவா. அந்த இடத்தை ஜிபிஎஸ் செட்டில் பதிந்துகொண்டு வந்தார்.

செட்டில் பெயர் போடுவது என் வேலை. எல்லாருடைய செட்டிலும் பெயர்கள் வாய்க்கு வந்தபடி இருக்கும். நான் மூன்று இலக்க எண், ஓர் இடைவெளி, பிறகு பெயர் என்று ஒரே ஒழுங்கில் போட்டேன். அந்த இடம் எண்பத்தேழாவது. ‘087 நங்கூரம்’. ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், ஏனென்றால் செட்டுக்குத் தமிழ் தெரியாது. பதினெட்டு மொழி தெரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. ஃபின்லாந்து மொழி தெரியுமாம். அதைப் பேசுகிற ஒருவர் திரேஸ்புரத்தில் தூண்டில் போடுவதாக எனக்குத் தகவல் இல்லை. செட்டில் இருந்த எங்கள் நூற்று நாற்பத்து மூன்று இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் நான் எழுதிக்கொண்டிருக்கும் டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். செட் கடலில் விழலாம், டைரி விழாது.

இனி அந்தக் கார்டு. செட்டோடு வரும் வரைபடத்தில் எங்கள் கடல் வெறும் நீலமாக இருக்கும். ஆழம் காட்டும் நல்ல வரைபடம் வேண்டுமென்றால் தனியாக ஒரு மெமரி கார்டு வாங்க வேண்டும். அதன் விலை செட்டின் விலையைவிட அதிகம். அதோடு வருடா வருடம் சந்தா கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். கடலின் அடி வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகிறது என்று அந்தக் கம்பெனி நினைக்கிறது போலும். அதனால் எங்கள் பக்கம் யாரும் அசல் கார்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ரீசார்ஜும் போன் கவரும் விற்கும் ஓர் அண்ணாச்சியின் கடையில் அதன் திருட்டுப் பிரதி கிடைக்கும். ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலை.

திருட்டுப் பிரதியைப் பற்றிப் பேசும்போது என் அலுவலகத்தை மறைத்தால் நேர்மையாகாது. அங்கே ஏழு கம்ப்யூட்டர். ஏழிலும் திரையின் வலது கீழ் மூலையில், இந்தப் பிரதி அசல் அல்ல என்று ஒரு வரி பதினொரு வருடமாக நிற்கிறது. அதற்கு மேலேயே உண்மை, உறுதி, கையொப்பம் என்று ஆவணங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை முதலாளியிடம் சொன்னேன். “அது ஒங்க கண்ண உறுத்துதாம்மா? ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவோம்” என்றார். ஒட்டியும் விட்டார். ஏழு மூலைகளில் ஏழு பிள்ளையார். நாங்கள் காசு கொடுத்து முறையாக வாங்கிய ஒரே மென்பொருள் ஆவணங்களை அனுப்புவதற்கானது. அது கப்பல் கிளம்பும் நாளன்று காலை பத்து மணிக்குத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஒரு வட்டம் சுற்றும். கப்பல் காத்திருக்காது என்பதை அந்த வட்டத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திருட்டுப் பிரதிகள் ஒருநாளும் இப்படி நடுவில் நின்றதில்லை. இந்தத் தொழிலில் நேர்மையானவனுக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் செட்டை எடுத்துக்கொண்டு அந்த அண்ணாச்சி கடைக்குப் போனார். வச்சிட்டுப் போங்க, ஒரு மணி நேரம் ஆகும் என்றிருக்கிறார் அண்ணாச்சி. இவரும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். ஒரு மைல் தள்ளிப் படகின் நிழல் தெரிந்தாலே தூண்டிலைச் சுருட்டுகிற மனிதர். சொந்தத் தம்பி கேட்டால் தாடையால் எதிர்த்திசையைக் காட்டுகிற மனிதர். வருடக்கணக்காகக் கட்டிக் காத்த நூற்று நாற்பத்து மூன்று இடங்களையும் முன்பின் பழகாத ஒருவரின் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, வடை நன்றாக இருந்தது என்று என்னிடம் வந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செட்டைக் காட்டினார். நீலமாக இருந்த இடமெல்லாம் கோடும் எண்ணுமாக நிறைந்திருந்தது.

“ஏளா, இங்க பாரு. கடலே இதுக்குள்ள கெடக்கு.”

“இந்தப் புள்ளியெல்லாம் என்னது?”

“கார்டோட வந்த பாயிண்டு. ஃப்ரீயாம்.”

எண்ணிப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. டைரியில் எழுதிவிட்டுப் படுத்தேன். என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டு மாதம் கழித்து எங்கள் பாரில் ஒரு படகு நின்றது. தற்செயல் என்று நினைத்து இவர் அன்றைக்கு நகர்ந்துவிட்டார். அடுத்த வாரம் நான்கு படகு. மழைக்காலம் முடிவதற்குள் பதினொன்று. தூண்டில்காரர்கள் போக வலைக்காரர்களும் வந்தார்கள். யாருடைய வலையோ பாறையில் சிக்கிக் கிழிந்து, அப்படியே பாரின் மேல் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதற்குப் பிறகு அங்கே தூண்டில் விட்டால் முள்ளில் நைலான்தான் வரும். பதினேழு களவா எடுத்த இடத்தில், என் டைரியின்படி, கடைசி ஆறு முறையும் ஒரு மீன் இல்லை.

அவர் வேறு இடத்துக்குப் போகத் தொடங்கினார். மீனும் கிடைத்தது. ‘புதிய இடம்’ என்று சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டேன். ஆனால் பழைய இடம் போனது மனதைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் மாலை டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்.

“எண்ணு ரெண்டு எடத்துலதான் இருக்கு. ஒண்ணு என் செட்டு. இன்னொண்ணு ஒன் நோட்டு.”

“அதனால?”

“செட்டு என் கைய விட்டுப் போகல. நோட்ட நீ ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போறல்லா?”

“போறேன். சாப்பாட்டு நேரத்துல எழுதுவேன். பைக்குள்ள பூட்டி வைக்கேன்.”

“அங்கன நம்ம கரையில தொழில் பாக்கவன் மருமவன் ஒருத்தன் வேல பாக்கானா இல்லியா?”

“பாக்கான். அவன் கப்பல்ல ஏத்துற உப்பப் பத்திப் பேசுவான். ஒங்க களவாவப் பத்தி அவனுக்கு என்ன?”

“எழுதி வச்சா எவனும் படிப்பான். மெஷினுக்கு வாய் கெடையாது” என்றார். எழுந்து வந்து டைரியை எடுத்தார். பின்பக்கத்தில் எண்கள் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார், நிதானமாக. வெந்நீர் அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை. இருபத்தாறு டைரியில் ஓர் ஓரம்கூட மடங்காமல் வைத்திருந்த நான், கிழிகிற தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு டீ வைத்தேன். குடித்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. தேதி போட்டு, கீழே ‘சொல்லவில்லை’ என்று எழுதினேன். தினமும் அதையே எழுதினேன். ‘மேற்படி’ என்று சுருக்கியிருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை.

உண்மை வெளிவந்தது என் கொழுந்தனால். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். கையில் புது செட்.

“மதினி, இதுலயும் ஒங்க கையால பேரு போட்டுத் தாங்க. அண்ணனுக்கு மட்டும்தான் போடுவியளோ?”

வாங்கிப் பட்டியலைத் திறந்தேன். மேலேயே முதல் வரி 001 என்று தொடங்கியது. 002. 003. மூன்று இலக்கம், ஓர் இடைவெளி, பெயர். பூஜ்யம் போட்டு எண்ணைத் தொடங்குகிறவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். 087 நங்கூரம். என் கையெழுத்தைப் பிறத்தியார் வீட்டுச் சுவரில் பார்த்தது போல இருந்தது.

“இத எங்கன வாங்குனீங்க?”

“அண்ணாச்சி கடைலதான். கார்டு போட்டா ரெண்டாயிரத்துக்கு மேல பாயிண்டு ஃப்ரீ மதினி. எல்லாம் சூப்பர் எடம்.”

“எண்பத்தேழுக்குப் போனீங்களா?”

“ரெண்டு தடவ போனேன். வலை கெடந்துச்சி. ஏன்?”

“அது ஒங்க அண்ணன் பாரு.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “சத்தியமா எனக்குத் தெரியாது மதினி. அண்ணன் எங்கிட்ட என்னைக்குச் சொல்லிச்சி?”

அதுதான் விஷயம். யாரும் யாரிடமும் எதையும் சொல்லாத ஊரில் திருடுவதைப் போல வசதி எதுவுமில்லை. பறிகொடுத்தவன் வாய்திறந்து, என் இடம் இது, காணவில்லை என்று சொன்னால் அல்லவா அடுத்தவனுக்கும் சந்தேகம் வரும். இரண்டு வருடம் அந்தக் கடை வாசலில் வரிசையாக நின்று, ஒருவர் சொத்தை ஒருவர் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய், துப்புக் கொடுத்தது கூட வருகிறவனா, மனைவியா என்று தேடியிருக்கிறார்கள்.

என் கணவர் முற்றத்திலிருந்து வந்து தம்பியின் செட்டைப் பார்த்தார். பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளினார். திருப்பிக் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். காலை பதினொன்று இருபது. வாசலில் இரண்டு பலகைகள். ஒன்றில், அழிந்த தகவல்கள் நம்பிக்கையாக மீட்டுத் தரப்படும் என்றிருந்தது. கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா. அதன் கீழ் இரண்டாவது பலகை, திருட வேண்டாம், நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்.

“வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. கவரா, டெம்பர் கிளாஸா?”

“பூஜ்யம் எட்டு ஏழு நங்கூரம்” என்றேன். “அது நான் தட்டுனது. ஒங்க கார்டுக்குள்ள எப்படி வந்துச்சி அண்ணாச்சி?”

பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“அந்த நம்பர் போட்டது நீங்கதானா! ரொம்ப நீட்டான வேலக்கா. மத்தவங்க செட்டெல்லாம் ஒரே குப்பை. ஒங்களோடது மட்டும் வரிசையா, தப்பே இல்லாம இருக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க, அத வச்சித்தான் நம்ம கார்டுக்கே பேரு வந்துச்சி.”

இருபத்தாறு வருடத்தில் என் ஒழுங்கைப் பாராட்டிய முதல் மனிதர் அவர்தான்.

“இது திருட்டு” என்றேன்.

“கோவப்படாதீங்கக்கா. நான் எடுத்ததால ஒங்க செட்டுல ஒரு பாயிண்டு கொறஞ்சிச்சா? எல்லாம் அங்கனயேதான இருக்கு.”

“மீன் கொறஞ்சிருக்கு.”

“அது கடல் சமாச்சாரம். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

“ஒருத்தர் நம்பிக் குடுத்ததுல கை வைக்கலாமா?”

அவர் ஒரு போன் கவரை எடுத்துத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “கார்டு திருட்டுக் கார்டுன்னு தெரிஞ்சுதான வாங்க வந்தாங்க? சரி, அத விடுங்க. ஒங்க செட்டுல நான் ஏத்துன பாயிண்டு அறுநூறு சொச்சம் இருக்குமே, அது யாருதுன்னு ஒங்க வீட்டுக்காரர் கேட்டாரா? நீங்க கேட்டியளா?”

நான் கடையிலிருந்து இறங்கி வந்தேன். போலீஸ் நிலையம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. என்ன என்று எழுதிக் கொடுப்பது? திருட்டுச் சரக்கு வாங்கப் போன இடத்தில் எங்களையும் திருடிவிட்டார்கள் என்றா?

வீட்டுக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய டைரியை எடுத்து அந்த நாளைப் புரட்டினேன். என் கையெழுத்து ஒரு பிசிறில்லாமல் இருந்தது. ‘செட்டில் புதிய கார்டு. ஆழம் தெளிவாகத் தெரிகிறது. கூடவே 612 இடங்கள் இலவசம். யாருடையவை என்று தெரியவில்லை. லாபம்.’ லாபம் என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த கோபம் அண்ணாச்சியின் மேல் வந்ததைவிடப் பெரியது. அறுநூற்றுப் பன்னிரண்டு என்று சரியாக எண்ணத் தெரிந்திருக்கிறது. ஒன்றையாவது திறந்து பெயரைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று ஏழு மணிக்கு டீயோடு செட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்களுடையதல்லாத அறுநூற்றுப் பன்னிரண்டையும் அழிப்பது என்று முடிவு செய்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழிக்கச் செட்டில் வழி உண்டு. ஆனால் எங்கள் நூற்று நாற்பத்து மூன்றும் சேர்ந்து போய்விடும். டைரியில் பிரதி இருந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி தட்டியிருப்பேன். அந்தத் தாள்கள் வெந்நீர் அடுப்பில் போய்விட்டன. ஆகவே ஒவ்வொன்றாக.

என் கணவர் முற்றத்துக்குப் போக எழுந்தவர், நான் செய்வதைப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்து அழித்தேன். ‘வீட்டுக் கடன்’. ‘அப்பா காட்டியது’. ‘ஆபரேஷன்’. ‘சும்மா’. ‘சும்மா 2’. ‘இஞ்சின் நின்ற இடம்’. ஒவ்வொன்றுக்கும் செட் நிச்சயமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றேன். முதல் நாள் இருநூறு முடிந்தது. அழிப்பதால் உரியவர்களுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய இடங்கள் இரண்டாயிரமாகப் பெருகி ஊர் முழுக்கக் கிடக்கின்றன. தெரிந்தும் செய்தேன்.

இரண்டாவது நாள் மாலை, முந்நூற்று எண்பத்தெட்டாவதாக வந்த பெயரை வாசித்தேன். ‘மகள் படிப்பு’.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அத விடு ஏளா.”

கடலைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. அன்றோடு நான்கு மாதம் பதினொரு நாள்.

“ஏன்?”

“நம்ம எடம் போனதுல இருந்து அங்கனதான் போறேன். அது ஒண்ணுலதான் இப்ப மீன் இருக்கு.”

நான் எழுதிய ‘புதிய இடம்’ எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொத்தான் மேலிருந்து விரலை எடுத்தேன். இதையும் அழித்தால் நாளை அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியவில்லை. அழிக்காவிட்டால் நேற்றிலிருந்து நான் செய்துகொண்டிருப்பது வெறும் சுத்தம் செய்யும் வேலை. இருவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது தானாக மங்கியது. ஒரு பொத்தானைத் தொட்டு மறுபடி வெளிச்சமாக்கினேன்.

“இன்னைக்கி அங்கன ஒரு படகு நின்னுச்சி” என்றார். “வயசானவரு. தனியா. என்னையப் பாத்ததும் தூண்டிலச் சுருட்ட ஆரம்பிச்சிட்டாரு. நல்லா கடிச்சிட்டிருக்கு, கயிறு துடிக்கது எனக்கே தெரியுது. சுருட்டிட்டுக் கெளம்பிட்டாரு.”

“ஏதாவது சொன்னாரா?”

“எங்க மீனுன்னு கேட்டேன். தெக்க பாத்துத் தாடையக் காட்டுனாரு.”

“நீங்க?”

“நானும் தலையாட்டுனேன்.”

செட்டைத் தன் பக்கம் இழுத்தார். அழிக்கும் பொத்தான் எது என்று காட்டினேன். அழுத்தினார். திரையில் எழுத்து வந்தது.

“என்ன கேக்கு?”

“நிச்சயமான்னு கேக்கு.”

“எடுக்கும்போது கேட்டுச்சா அது?” என்றார். திட்டுவது போல இன்னொருமுறை அழுத்தினார். பெயர் போய்விட்டது.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். நாலு பத்துக்குக் கிளம்பினது. கச்சான் காற்று, லேசாக. நீரோட்டம் வடக்கே. இரை கணவாய். விளமீன் மூன்று. நான் டைரியைத் திறந்து தேதி போட்டு எழுதிக்கொண்டேன். மூன்றா என்று இன்னொருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

“அந்த ஆறு தாளு...” என்றார்.

“ஏழு.”

“ஏழு தாளு. நாளைக்கி நான் செட்டப் பாத்துச் சொல்லுதேன். நீ எழுதிக்கோ.”

“எண்பத்தேழும் எழுதணுமா?”

“அது எல்லாவன்கிட்டயும் இருக்கே, அத என்னத்துக்கு?” என்றவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “எழுது” என்றார்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன நேரத்தை ஓரத்தில் குறித்து வைத்தேன், ஏழு நாற்பது. பிறகு செட்டை எடுத்து முந்நூற்று எண்பத்தொன்பதாவது பெயரை வாசித்தேன். இன்னும் இருநூற்று இருபத்து நான்கு மீதி இருந்தன.